சித்திரை ஒன்றில் ஒரு நியமம்: புத்தாண்டுச் சங்கல்பத்தைப் பங்குனி வரை கொண்டுபோக ஒரு முழு வழிகாட்டி

சித்திரை முதல் நாள் பல கோயில்களில் பஞ்சாங்கம் படிப்பார்கள். இந்த ஆண்டுக்கு ராஜா யார், மந்திரி யார், மழை எத்தனை மரக்கால், எந்த ராசிக்கு ஆதாயம் எவ்வளவு, விரயம் எவ்வளவு என்று குருக்கள் வாசிக்க வாசிக்கக் கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். கேட்டுவிட்டு வெளியே வரும்போது பலர் மனதிலும் ஓர் எண்ணம் ஓடும். இந்த வருஷமாவது தினமும் சாமி கும்பிட வேண்டும், ஒரு பதிகமாவது படிக்க வேண்டும், கோயிலுக்கு ஒழுங்காகப் போக வேண்டும். பெரும்பாலும் ஆடி பிறப்பதற்குள் அது கரைந்துவிடும்.

எண்ணத்தில் குறை ஒன்றுமில்லை. எண்ணம் வேறு, விடாமல் கடைப்பிடிக்கும் நியமம் வேறு. எண்ணத்தை நியமமாகக் கட்டிக்கொள்ளும் வழியை நம் பெரியவர்கள் நன்றாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள். அந்த வழியை அடி அடியாகச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. நான் சைவப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன். வைணவர்கள் திருமுறை (சைவப் பாடல் தொகுப்பு) என்று வரும் இடத்தில் திவ்வியப் பிரபந்தத்தை வைத்துக்கொள்ளலாம், முறை அதேதான்.

முதலில் அறுபத்துமூவரைப் பாருங்கள்

சிவன் கோயில் பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் நாயன்மார் அறுபத்துமூவரை அவசரமாகக் கடந்து போகாமல், ஒவ்வொருவராக நின்று பார்த்துக்கொண்டு போங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய அவர்கள் வரலாற்றில் பலருடைய வாழ்க்கையைச் சுருக்கினால் ஒரே ஒரு காரியம் மிஞ்சும். திருவொற்றியூரில் கலியர் விளக்கெரித்தார். திருப்புகலூரில் முருகர் பூப்பறித்து மாலை கட்டினார். மதுரையில் மூர்த்தியார் சந்தனம் அரைத்துக் கொடுத்தார். காஞ்சிபுரத்தில் திருக்குறிப்புத் தொண்டர் அடியார்களின் துணியைத் துவைத்தார். நாகப்பட்டினத்தில் அதிபத்தர் வலையில் படும் மீன்களில் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விட்டார். ஒரே ஒரு மீன் கிடைத்த நாட்களிலும் அதைத்தான் விட்டார்.

இவர்களில் பலருடைய கதை கடைசியில் உயிரையே பணயம் வைக்கும் இடத்துக்குப் போய்விடும். அதைப் பார்த்துவிட்டு, 'அதெல்லாம் அவர்களுக்கு, நமக்கில்லை' என்று ஒதுங்கிவிடுகிறோம். கதையின் முடிவை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பாருங்கள். ஒரே செயல், ஒரே இடம், ஒரே நேரம், யாரும் கவனிக்காத எத்தனையோ நாட்கள். நமக்கு வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

எல்லோரையும் விட எனக்கு நெருக்கமானவர் சாக்கிய நாயனார். மெய்ப்பொருளைத் தேடிக் காஞ்சிக்குப் போய் பௌத்த நெறியில் சேர்ந்தவர். பிறகு சிவமே பொருள் என்று தெளிந்த பின்னும் அந்தக் கோலத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வெட்டவெளியில் இருந்த ஒரு சிவலிங்கத்தின் மேல் அன்பு மிகுதியில் ஒரு கல்லை எடுத்துப் போட்டார். அதுவே அவருக்குப் பூசையானது. தினமும் ஒரு கல், அதன் பிறகுதான் சாப்பாடு. ஒருநாள் மறந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நினைவு வந்ததும் அப்படியே எழுந்து ஓடினார், கல்லை எறிந்தார். இறைவன் அவருக்குக் காட்சி கொடுத்தது அந்த நாளில்தான். புத்தாண்டு நியமம் எடுப்பவருக்கு வேண்டிய எல்லாமே இந்தக் கதைக்குள் இருக்கிறது. கீழே பல இடங்களில் இவரிடம்தான் திரும்பி வருவேன்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

ஜனவரி ஒன்றில் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக எடுக்கலாம், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜனவரி 1 மார்கழி நடுவில் வருகிறது. விடியற்காலையில் கோயில் திறந்திருக்கும், ஒலிபெருக்கியில் திருவெம்பாவையும் திருப்பாவையும் கேட்கும், தெருவே சீக்கிரம் எழுந்திருக்கும். அந்த இரண்டு வாரம் மாதமே நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். பொங்கல் முடிந்ததும் அந்தத் துணை நின்றுவிடும், பெரும்பாலோரின் நியமமும் அதோடு நின்றுவிடும். ஜனவரியில் எடுப்பவர்கள் தை பிறந்த பின் எப்படிச் செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டியே யோசித்துவிட்டு எடுங்கள்.

என் விருப்பம் சித்திரை ஒன்றுதான். ஏப்ரல் 14-இல் தொடங்கினால் நாற்பத்தெட்டாவது நாள் மே 31. அதாவது ஒரு முழு மண்டலம் கோடை விடுமுறைக்குள்ளேயே முடிகிறது. வீட்டில் காலை நேரத்துப் பரபரப்பு குறைவாக இருக்கும்போதே பழக்கம் ஊன்றிவிடும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து, டிபன் பாக்ஸும் வேன் ஹாரனும் வந்து சேரும்போது நியமத்துக்கு ஓரளவு வேர் பிடித்திருக்கும்.

குணத்தை எடுக்காதீர்கள், செயலை எடுங்கள்

'இனிமேல் கோபப்பட மாட்டேன்', 'எப்போதும் இறை நினைவோடு இருப்பேன்', 'பொறாமையை விட்டுவிடுவேன்'. இவை நல்ல ஆசைகள். ஆனால் இரவு படுக்கும்போது, இன்றைக்கு அதைச் செய்தேனா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. சொல்ல முடியாததை நியமமாக எடுத்தால் நான்கு நாளில் குழப்பமும் பத்து நாளில் சோர்வும் வந்துவிடும்.

சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படி சொல்வார்கள். முதல் படியான சரியையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூப்பறிப்பது, மாலை கட்டுவது, விளக்கேற்றுவது, பாடுவது. எல்லாமே கைகாலால் செய்கிற வேலை. திருவாரூர்ப் பதிகம் ஒன்றில் அப்பர் தம் நெஞ்சைப் பார்த்து, நீ நிலைபெற வேண்டுமென்றால் வா என்று கூப்பிட்டு அடுக்குவதும் இதே வேலைகளைத்தான்: விடியும் முன் எழு, கூட்டு, மெழுகு, மாலை கட்டு, பாடு. மனதைத் திருத்த அவர் உடம்பிலிருந்து தொடங்குகிறார்.

ஆகவே உங்கள் ஆசை எதுவானாலும் அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு செயலைத் தேடுங்கள். கோபம்தான் உங்கள் கவலை என்றால், வேலையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் பேசும் முன் கைகால் கழுவி, திருநீறு பூசி, ஐந்தெழுத்து மந்திரமான நமசிவாயத்தைப் பதினோரு முறை சொல்வது என்று வைத்துக்கொள்ளலாம். கோபம் குறைகிறதா என்பதை இறைவன் பார்த்துக்கொள்வான். பதினோரு முறை சொல்வது உங்கள் வேலை.

எதை எடுப்பது

திருமூலர் எல்லோராலும் முடியும் என்று நான்கு காரியங்களைச் சொல்கிறார்: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய் புல், சாப்பிடும்போது பிறருக்கென்று ஒரு கைப்பிடி, மற்றவரிடம் இனிய சொல். பெரிய பட்டியல் எதுவும் தேட வேண்டாம், இந்த நான்கிலிருந்து தொடங்கினாலே போதும். நான் பலருக்கும் பரிந்துரைப்பவை ஓதுவது, பிடி அரிசி, உழவாரப்பணி ஆகிய மூன்றும். தலப்பயணம், விரதம் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன்.

ஓதுவதைத் தேர்ந்தெடுத்தால் முதலில் கணக்குப் போடுங்கள். மூவர் தேவாரம் கிட்டத்தட்ட எண்ணூறு பதிகம். நாளுக்கு இரண்டு என்று வைத்தாலும் ஒரு வருஷத்தில் முடியாது. புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். சுந்தரர் பாடிய ஏழாம் திருமுறை நூறு பதிகம். வாரத்துக்கு இரண்டு ஓதினால் ஐம்பது வாரம், கையில் இரண்டு வாரம் மிச்சம். மாணிக்கவாசகரின் திருவாசகம் ஐம்பத்தொரு பகுதி. வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால் ஆண்டுக்குச் சரியாகப் பொருந்துகிறது. மிஞ்சும் ஒரு வாரத்தைத் திருச்சதகத்துக்குக் கொடுங்கள். அதில் நூறு பாட்டு, ஒரு வாரத்தில் ஓடி முடித்தால் மனதில் நிற்காது. தொடக்கத்திலேயே வரும் போற்றித் திருவகவல் 225 அடி என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது வாரத்தில் அதைப் பார்த்து மலைத்துப்போய் நிறுத்தியவர்கள் உண்டு. நாளுக்கு முப்பது, முப்பத்தைந்து அடி என்று பிரித்துக்கொண்டால் வாரத்துக்குள் வந்துவிடும். திவ்வியப் பிரபந்தம் என்றால் நாளுக்குப் பதினொரு பாசுரம், நாலாயிரமும் ஒரு வருஷத்தில் முடியும்.

இவ்வளவும் வேண்டாம், தினமும் ஒரே பாட்டு போதும் என்றால் சிவபுராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூற்றைந்து அடி, நிதானமாக ஓதினாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒன்றையே வருஷம் முழுக்க ஓதுவது குறைவானது என்று நினைக்க வேண்டாம். ஆறாவது மாதத்தில் ஒருநாள், நூறு தடவை வாயால் கடந்துபோன ஓர் அடி திடீரென்று நின்று பேசும். புதிது புதிதாகப் படித்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை.

புத்தகத்தைப் பார்த்தே ஓதுங்கள். அலைபேசியில் பார்த்து ஓதினால் நடுவில் ஒரு செய்தி வந்து விழும், அதோடு பாட்டு போயிற்று. பன்னிரு திருமுறைகளையும் தருமபுரம் ஆதீனம் உரையோடு பதிப்பித்திருக்கிறது, எழுத்துப் பெரிதாக உள்ள சிறு பதிப்புகளும் கோயில் வாசல் கடைகளில் கிடைக்கும். சந்தி பிரிக்காமல் அச்சிட்ட புத்தகம் தொடக்கத்தில் திணறடிக்கும், பதம் பிரித்ததாகப் பார்த்து வாங்குங்கள். பண் (பாட்டின் ராகம்) தெரியாது என்பது ஒரு தடையே இல்லை. ஓதுவார் பாடிய ஒலிப்பதிவை நாலைந்து முறை கேட்டால் உச்சரிப்பும் எங்கே மூச்சு விட வேண்டும் என்பதும் பிடிபடும். திருச்சிற்றம்பலம் சொல்லித் தொடங்கி, திருச்சிற்றம்பலம் சொல்லி முடியுங்கள்.

அடுத்தது பிடி அரிசி. பூசைக்கென்று நேரம் ஒதுக்க முடியாத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான நியமம் எனக்குத் தெரியவில்லை. அரிசிப் பானைக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு டப்பா வையுங்கள். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன், வலது கையால் ஒரு பிடி எடுத்து, 'சிவாயநம' என்று சொல்லி அந்த டப்பாவில் போடுங்கள். அவ்வளவுதான் நியமம். வீட்டில் எந்த அரிசியைச் சாப்பிடுகிறோமோ அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பொன்னி சாப்பிடுபவர்கள் பிடி அரிசிக்கென்று மட்டரக அரிசி தனியாக வாங்கி வைப்பது சரியில்லை. டப்பாவில் நாலு காய்ந்த மிளகாயோ கொஞ்சம் காய்ந்த வேப்பிலையோ போட்டால் வண்டு வராது. கை அளவைப் பொறுத்து மாதம் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை சேரும். அதைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுக்கலாம், தெருவிலேயே அடுப்பெரியச் சிரமப்படும் வீடு இருந்தால் அங்கே கொடுக்கலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முதலில். ஐப்பசிப் பௌர்ணமியில் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கும். அந்த மாத அரிசியைக் கோயிலில் கொடுத்துவிட்டு, அன்னம் சார்த்திய திருமேனியை வீட்டோடு போய்ப் பாருங்கள்.

உழவாரப்பணி வார நியமத்துக்கு ஏற்றது. அப்பர் கையில் இருக்கும் உழவாரம் புல் செதுக்கும் கருவி. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கோயில்களைச் சுத்தம் செய்யும் குழுக்கள் பல ஊர்களில் இருக்கின்றன, அவர்களோடு சேர்ந்துகொள்வது நல்லது. தனியாகப் போவதாக இருந்தால் முதலில் குருக்களிடமோ கோயில் அலுவலகத்திலோ அனுமதி கேளுங்கள். கல்வெட்டு உள்ள சுவரைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், அமிலம் ஊற்றாதீர்கள். கோபுரத்தில் முளைத்த அரச மரத்தைப் பிடித்து இழுத்தால் வேரோடு கல்லும் சுதையும் பெயர்ந்து வரும், அது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. பிராகாரத்துப் புல், நெருஞ்சி, பிளாஸ்டிக் குப்பை, விளக்கு மாடத்து எண்ணெய்ப் பிசுக்கு, இவையே நமக்குப் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கும்.

தலப்பயணம் போக ஆசைப்படுபவர்கள் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் அத்தனையையும் ஒரே வருஷத்தில் பார்க்கக் கிளம்ப வேண்டாம். அது ஓட்டமாகிவிடும். கொங்கு நாட்டில் அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாங்கூடலூர் என்று ஏழே தலங்கள். ஒவ்வொன்றுக்கும் போகும் முன் அந்தத் தலத்துப் பதிகத்தை வீட்டில் ஓதிப் பழகி, சன்னிதியில் நின்று ஓதிவிட்டு வந்தால் ஏழே ஒரு வருஷத்துக்கு நிறைவான வேலை. பாண்டிய நாட்டுக்காரர்களுக்குப் பதினான்கு, மாதம் ஒன்றுக்குச் சற்று மேல்.

விரதத்தைப் பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் நியமத்தின் பாரம் அடுத்தவர் தோளில் விழக் கூடாது. 'இந்த வருஷம் முழுக்க வெங்காயம் பூண்டு சேர்க்க மாட்டேன்' என்று ஓர் ஆண் சங்கல்பம் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார். தினமும் இரண்டு குழம்பு வைப்பது அவர் மனைவியாக இருக்கும். புண்ணியம் யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது, உழைப்பு யாருடையது என்பது நன்றாகத் தெரியும். உணவு சம்பந்தமான நியமம் என்றால் உங்களுக்கானதை நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு நியமம் பாருங்கள். சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பிரதோஷத்துக்கும் சஷ்டிக்கும் பட்டினி கிடக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான இடம். மேலே சொன்னவற்றில் ஒன்றே ஒன்றை எடுங்கள். இரண்டு எடுத்தால் ஒன்று விழும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும்.

சாப்பாட்டோடு சேர்த்துக் கட்டுங்கள்

சாக்கியர் கல்லெறிவதற்கு மணி பார்க்கவில்லை. சாப்பிடும் முன் என்று வைத்தார். பசி தினமும் தவறாமல் வரும், அதோடு நியமமும் வந்துவிடும். 'காலை ஆறு மணிக்கு ஓதுவேன்' என்று வைத்தால், ஆறே காலுக்கு எழுந்த நாளில் நியமம் போய்விட்டது என்று மனம் கைகழுவிவிடும். 'காலைச் சாப்பாட்டுக்கு முன் ஓதுவேன்' என்றால் எட்டு மணிக்கும் இடமிருக்கிறது. ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு இதுதான் வழி. ராத்திரி வேலை முடிந்து பதினொரு மணிக்குச் சாப்பிடுபவரும் சாப்பிடும் முன் ஓதலாம்.

சாப்பாடுதான் என்றில்லை. தினமும் தவறாமல் நடக்கிற எதையும் பிடித்துக்கொள்ளலாம், குளியல், வாசல் தெளிப்பது, கடையைத் திறப்பது. அந்தச் செயலுக்கு முன் நியமம் வர வேண்டும், அதுதான் விஷயம். பின்னால் வைத்தால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போகும்.

சங்கல்பத்தை எழுதுவது

கோயிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கியதும் குருக்கள் கோத்திரம், நட்சத்திரம், பெயர் கேட்பார். அப்புறம் வேகமாக ஏதோ சொல்வார், நாம் கைகூப்பி நிற்போம். அவர் சொல்வதைக் கவனித்துக் கேட்டால் ஓர் ஒழுங்கு தெரியும். எந்த யுகம், எந்த ஆண்டு, எந்த அயனம், எந்தப் பருவம், எந்த மாதம், என்ன திதி, என்ன கிழமை, என்ன நட்சத்திரம். பிறகு எந்த நாடு, எந்த இடம். பிறகு யார். பிறகு எதற்காக. கடைசியில், இதைச் செய்யப்போகிறேன். வீட்டில் பெரிய பூசை எதற்கும் முன்னால் சொல்லும் சங்கல்பமும் இப்படித்தான். காலத்திலும் இடத்திலும் தன்னை ஒரு புள்ளியில் நிறுத்திவிட்டுத்தான் ஒருவர் 'செய்வேன்' என்று வாய் திறக்கிறார்.

உங்கள் நியமத்தையும் அதே வரிசையில் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணமாக 2026-இல் எடுப்பவர் இப்படி எழுதலாம்:

"பராபவ ஆண்டு, உத்தராயணம், இளவேனில், சித்திரை முதல் நாள், செவ்வாய்க்கிழமை. ஈரோட்டில் என் வீட்டுப் பூசை அறையில், இன்ன நட்சத்திரத்தில் பிறந்த, இன்ன பெயருடைய நான், இன்று முதல் பங்குனிக் கடைசி நாள் வரை, காலை உணவுக்கு முன் சிவபுராணம் ஒருமுறை ஓதுவேன். பயணத்தில் இருக்கும் நாளில் இருக்கும் இடத்தில் ஓதுவேன். உடம்பு முடியாத நாளிலும், துக்க நாட்களிலும் ஐந்தெழுத்தை மனதுக்குள் பதினோரு முறை சொல்வேன். என் குடும்பம் நலமாக இருக்கவும், என் மனம் உன் திருவடியில் நிற்கவும் நீ துணை நிற்க வேண்டும்."

கோத்திரம் தெரிந்தவர்கள் அதையும் சேர்க்கலாம். தெரியாதவர்கள் சிவ கோத்திரம் என்று சொல்வது வழக்கத்தில் இருக்கிறது. நடுவில் வரும் பயணம், நோய், துக்கம் பற்றிய வரிகளை விட்டுவிடாதீர்கள். ஒரு வருஷத்தில் இவை மூன்றும் ஏதோ ஒரு வடிவத்தில் வரத்தான் செய்யும். அந்த நாளில் என்ன செய்வது என்று அந்த நாளில் யோசிக்கும் நிலையில் நாம் இருக்க மாட்டோம். தீட்டு நாட்களில் அவரவர் வீட்டு வழக்கம் எப்படியோ அப்படிச் செய்யுங்கள். ஐந்தெழுத்தை மனதுக்குள் சொல்ல ஒரு தடையும் கிடையாது. அப்பர் நமசிவாயப் பதிகம் பாடியது கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட நிலையில்.

'எதற்காக' என்ற இடத்தில் வேலை, கல்யாணம், விசா என்று எழுதலாமா என்றால், எழுதலாம், அவனிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது. ஆனால் அதையே நிபந்தனையாக வைத்தால் அது வேண்டுதல். கிடைத்ததும் நியமம் முடிந்துவிடும், கிடைக்காவிட்டால் மனம் கசந்துவிடும். அதனால் 'உன் திருவடியில் நிற்கவும்' என்ற பகுதி கட்டாயம் இருக்கட்டும்.

பங்குனியிலேயே தயாராவது

பங்குனிக் கடைசி வாரத்தில் புத்தகம், விளக்கு, டப்பா எல்லாவற்றையும் வாங்கி, அந்த அந்த இடத்தில் வைத்துவிடுங்கள். நியமத்தை நாலைந்து நாள் செய்து பாருங்கள். பத்து நிமிடம் என்று நினைத்தது இருபத்தைந்து நிமிடம் ஆகிறதா? அப்படியானால் சித்திரைக்கு முன்பே குறைத்துவிடுங்கள். சங்கல்பம் எடுக்கும் முன் குறைப்பதில் எந்தத் தவறும் இல்லை. வீட்டில் உள்ளவர்களிடமும் இப்போதே சொல்லுங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், வாட்ஸப் ஸ்டேட்டஸ் வேண்டாம். ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்தால் போதும், அந்தப் பத்து நிமிடம் அவர்கள் உங்களைக் கூப்பிடாமல் இருப்பார்கள்.

சித்திரை முதல் நாள்

நெல்லை, குமரி, கொங்குப் பக்கங்களில் முந்தைய இரவே கண்ணாடி, பழங்கள், வெற்றிலை பாக்கு, நகை எல்லாம் வைத்துக் கனி அலங்கரிப்பார்கள். அந்தத் தட்டிலேயே சங்கல்பத் தாளையும் வைத்துவிடுங்கள். காலையில் கண் விழித்ததும் கனியோடு அதுவும் கண்ணில் படும். யாழ்ப்பாணத்தில் கோயிலில் வாங்கிய, மூலிகை சேர்த்த மருத்துநீரைத் தலையில் வைத்து நீராடுவார்கள், அதன் பிறகு எடுக்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் வழக்கம்போல் குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றி, பிள்ளையாரை வணங்கி, தாளை வாய்விட்டுப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. தன் குரலில் தன் காது கேட்ட சொல்லை மீறுவது அவ்வளவு எளிதல்ல. படித்தவுடன் அன்றைய நியமத்தை அப்போதே செய்துவிட்டு, அப்புறம்தான் மாங்காய்ப் பச்சடி. மாலையில் கோயிலுக்குப் போய் அதே தாளை மடித்து அர்ச்சனைத் தட்டில் வைத்து வாங்கி வாருங்கள். வீட்டில் அதன் இடம் நீங்கள் ஓதும் புத்தகத்தின் முதல் பக்கம்.

முதல் மண்டலம்

மே 31 வரை ஒரே ஒரு வேலைதான், எதையும் கூட்டாமல் இருப்பது. இரண்டாவது வாரத்தில் உற்சாகம் பொங்கும். 'சிவபுராணத்தோடு கோளறு பதிகமும் சேர்த்துக்கொள்ளலாமே' என்று தோன்றும். தோன்றட்டும். அந்த உற்சாகம் வடியும் நாளில் இரண்டும் சேர்ந்து சுமையாகும். கூடுதலாக ஓத ஆசை வந்தால் ஓதுங்கள், நியமத்தில் சேர்க்காதீர்கள்.

சித்திரைச் சதயம் அப்பர் குருபூசை. இது முதல் மண்டலத்துக்குள்ளேயே வரும். அன்று பக்கத்துச் சிவன் கோயிலுக்குப் போங்கள், அப்பருக்கு அபிஷேகம் நடக்கும், ஓதுவார் இருந்தால் தேவாரம் கேட்கலாம். அடுத்து வைகாசி மூலம் சம்பந்தர், ஆனி மகம் மாணிக்கவாசகர், ஆடிச் சுவாதி சுந்தரர். ஆண்டின் முதல் நான்கு மாதத்தில் மாதத்துக்கு ஒருவராக நால்வரும் வந்துவிடுகிறார்கள். சித்திரையில் தொடங்குபவர்களுக்கு இது பெரிய துணை. இந்த நான்கு நாட்களையும் தாளின் பின்பக்கத்தில் தேதியோடு குறித்து வைத்து, அந்த நாட்களில் நியமம் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் உட்கார்ந்து யோசியுங்கள்.

குறித்துக்கொள்ள ஒரு சாதாரணத் தினசரிக் காலண்டர் போதும். செய்து முடித்ததும் அன்றைய தேதியில் ஒரு புள்ளி.

ஒரு நாள் விட்டுப்போனால்

விட்டுப்போகும். சாக்கியருக்கே மறந்தது. மறந்தது தெரிந்ததும் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நாளைக்கு இரண்டு கல்லாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. தன்னையே நொந்துகொண்டும் இருக்கவில்லை. எழுந்து ஓடினார்.

மதியம் நினைவு வந்தால் மதியமே ஓதுங்கள். அலுவலகத்தில் நினைவு வந்தால், மனப்பாடமாக உள்ள நாலு அடியையாவது அங்கேயே சொல்லுங்கள். ராத்திரி படுக்கையில் நினைவு வந்தால் எழுந்து உட்கார்ந்து செய்துவிட்டுப் படுங்கள். நாளே கடந்துவிட்டதா, மறுநாள் வழக்கமான ஒரு தடவை மட்டும். பாக்கி வைத்துக் கட்டும் வட்டிக்கடன் இல்லை இது. நாலு நாள் பாக்கி சேர்ந்ததும் ஐந்தாம் நாள் புத்தகத்தைத் திறக்கவே பயமாகிவிடும், பல நியமங்கள் செத்துப்போவது அந்தப் பயத்தில்தான். விட்ட நாளில் காலண்டரில் புள்ளி வைக்காமல் அப்படியே விடுங்கள், பொய்ப் புள்ளி வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் வேறு விஷயம். அடுத்த பிரதோஷத்தன்று சங்கல்பத் தாளை மறுபடி வாய்விட்டுப் படித்துவிட்டு, அன்றிலிருந்து தொடருங்கள். பிரதோஷம் மாதம் இரண்டு முறை வருகிறது, அதனால் அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சித்திரை வரட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

வறண்ட மாதங்கள்

ஆடிச் சுவாதிக்குப் பிறகு ஒரு வறட்சி வரும். திருவிழாக்கள் இல்லாமல் இல்லை. ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி, புரட்டாசியில் நவராத்திரி என்று வரிசையாக வரும். வறட்சி நமக்குள் வருவது. வாய் பாட்டுக்குச் சொல்லும், மனம் மின்கட்டணத்தில் இருக்கும். 'மனம் ஒன்றாமல் ஓதி என்ன பயன்' என்று ஒரு கேள்வி எழும். மிக ஆன்மிகமான கேள்வி போலத் தெரிந்தாலும் அது நம்மை நிறுத்தப் பார்க்கும் கேள்வி. சரியை படியில் நிற்பவருக்கு மனம் ஒன்றுவது நிபந்தனை இல்லை. கை செய்துகொண்டிருந்தால் போதும்.

இந்தச் சமயத்தில் துணை தேடுங்கள். பல ஊர்களில் திருவாசகம் முற்றோதல் நடக்கிறது, காலையில் தொடங்கி மாலை வரை ஊர்கூடி முழுதும் ஓதுவார்கள். வருஷத்தில் ஒருமுறையாவது போய் உட்காருங்கள். தனியாக ஓதும்போது தடுக்கிய இடமெல்லாம் நூறு குரலோடு போகும்போது தானாக வாயில் வரும். கார்த்திகைச் சோமவாரம், மார்கழித் திருவாதிரை, மாசிச் சிவராத்திரி என்று ஆண்டின் பின்பாதி இயல்பாகவே நம்மைத் தாங்கிப் பிடிக்கும். புரட்டாசியைத் தாண்டியவர்கள் பங்குனியைத் தொட்டுவிடுவார்கள்.

நிறைவு

பங்குனிக் கடைசி நாளன்று நியமத்தை முடித்துவிட்டு, தாளை எடுத்து, 'சொன்னபடி செய்தேன், விட்டதை நீ பொறுத்துக்கொள்' என்று சொல்லி வணங்குங்கள். கோயில் விளக்குக்கு நல்லெண்ணெய் வாங்கிக் கொடுங்கள், ஒருவருக்காவது வயிறாரச் சாப்பாடு போடுங்கள். காலண்டரில் புள்ளி இல்லாத நாட்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவை எந்த மாதத்தில் கூட்டமாக இருக்கின்றன என்பது அடுத்த ஆண்டுச் சங்கல்பம் எழுதும்போது உதவும். மருத்துவமனை நாட்களா, ஊருக்குப் போன நாட்களா, வெறும் சோம்பலா என்று பார்த்து, அதற்கேற்ப அந்த நடு வரிகளை மாற்றி எழுதலாம்.

அதே நியமத்தை அடுத்த ஆண்டும் எடுப்பதே என் பரிந்துரை. கூட்டித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால் பழையதை விடாமல் ஒன்றை மட்டும் கூட்டுங்கள், அதுவும் பழையது இல்லாமல் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தால் கை தயங்குகிறது என்ற நிலை வந்த பிறகு. புதுத் தாளைப் பங்குனிக் கடைசி வாரத்திலேயே எழுதிவிடுங்கள். சித்திரை பிறந்த பின் உட்கார்ந்து யோசித்தால் ஒரு வாரம் ஓடிவிடும்.